கலக்கி ஊற்றுங்கள்

சாம்பாரை இறக்கி வைத்துப் பத்து நிமிடம் கழித்து ஒரு கரண்டியை மேலாக விட்டு எடுத்துப் பாருங்கள். புளித்தண்ணீரும் எண்ணெயும் கறிவேப்பிலையும் வரும். கரண்டியை அடிவரை இறக்கி ஒரு சுற்றுச் சுற்றி எடுத்தால்தான் பருப்பு வரும். விசேஷ வீடுகளில் பந்தி பரிமாறுகிறவர்களிடம் என் பாட்டி தவறாமல் சொல்வார்: “கலக்கி ஊத்துங்கப்பா.” ருசிக்காகச் சொல்கிறார் என்றே வெகுநாள் நினைத்திருந்தேன். சமையலறைத் தராசில் பருப்பை நிறுத்துப் பார்க்கத் தொடங்கிய பிறகுதான் அந்த ஒரு சுற்றின் மதிப்பு எனக்குப் புரிந்தது.

நான்கு பேர் உள்ள வீட்டில் சாம்பாருக்கு 150 கிராம் துவரம்பருப்பு போடுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். தாராளமான அளவுதான். 100 கிராம் துவரம்பருப்பில் சுமார் 22 கிராம் புரதம் உண்டு. 150 கிராமில் 33 கிராம். அந்தச் சாம்பார் மதியத்தோடு தீர்ந்துவிடுவதில்லை, இரவு இட்லிக்கும் அதுதான். எட்டுப் பங்காகப் பிரித்தால் ஒருவருக்கு ஒருவேளைக்கு 4 கிராம். மேலாக மொண்டு ஊற்றிக்கொண்டவருக்கு அதுவும் இல்லை. “நாங்கதான் தினமும் பருப்பு சாப்பிடுறோமே” என்று நிம்மதியாகச் சொல்லும் வீடுகளின் கணக்கு இது. ரேஷன் கடையில் 30 ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு கிலோ துவரம்பருப்பை மட்டும் நம்பி மாதம் ஓட்டும் நான்கு பேர் குடும்பத்துக்கு அதிலிருந்து தலைக்கு ஒரு நாளைக்கு 2 கிராம் புரதம்கூடத் தேறாது.

இந்த அத்தியாயத்தை ஒரு நோட்டும் பேனாவும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள். சமையலறையில் ஒரு சின்னத் தராசு இருந்தால் இன்னும் நல்லது.

நேற்று என்ன சாப்பிட்டீர்கள்?

முதலில் நேற்று காலை எழுந்ததிலிருந்து படுக்கும் வரை வாயில் போட்டது எல்லாவற்றையும் எழுதுங்கள். கூச்சப்படாமல் பிஸ்கட்டையும் எழுதுங்கள். மாதிரிக்கு என் அம்மாவின் ஒரு நாளை இங்கே தருகிறேன். அப்போது அவருக்கு 66 வயது, எடை 55 கிலோ.

காலையில் மூன்று இட்லி, தேங்காய்ச் சட்னி, ஒரு டம்ளர் காபி. இட்லிக்கு 2 கிராம் வீதம் 6, சட்னிக்கு 1, காபியில் விட்ட பாலுக்கு 3. ஆக 10 கிராம். மதியம் 100 கிராம் அரிசி வடித்த சோறு 8, சாம்பார் 4, வெண்டைக்காய்ப் பொரியல் 2, தயிர் 3, ஆக 17. மாலை காபிக்கும் இரண்டு பிஸ்கட்டுக்கும் 4. இரவு இரண்டு தோசையும் சட்னியும் 7. நாள் முழுவதும் சேர்த்து 38 கிராம்.

வயிறு நிறைந்த நாள்தான் அது. அம்மா பட்டினி கிடக்கவில்லை, ஒருவேளையையும் தவறவிடவில்லை. ஆனால் ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-இல் வெளியிட்ட பரிந்துரைப்படி, பெரியவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும். அம்மாவுக்கு அது 46 கிராம். அதிலும் அந்த 38-இல் ஐந்தில் இரண்டு பங்கு அரிசியிலிருந்து வந்தது. அரிசிப் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. பருப்போ பாலோ முட்டையோ மீனோ கூடச் சேர்ந்தால்தான் உடல் அதை முழுதாகப் பயன்படுத்திக்கொள்ளும்.

அந்த நிறுவனம் பிறந்தது நம் குன்னூரில்தான். 1918-இல் ராபர்ட் மெக்கரிசன் என்ற மருத்துவர் அங்கிருந்த பாஸ்டர் நிறுவனத்தின் ஓர் அறையில் பெரிபெரி நோயை ஆராயத் தொடங்கினார். அதுவே வளர்ந்து 1958-இல் ஹைதராபாத்துக்குப் போனது. குன்னூரில் அவர் இந்தியாவின் பல பகுதி மக்கள் சாப்பிடும் சாப்பாட்டை எலிக்குட்டிகளுக்குத் தனித்தனியாகக் கொடுத்து வளர்த்துப் பார்த்தார். கோதுமை, பால், பருப்பு, காய்கறி என்று சீக்கியர்கள் சாப்பிடும் உணவில் வளர்ந்த எலிகள் கொழுகொழுவென்று வளர்ந்தன. வளர்ச்சியில் கடைசியாக நின்றவை மதராஸ் மாகாணத்துச் சோற்றுச் சாப்பாட்டை உண்ட எலிகள். வித்தியாசத்துக்குப் புரதம் மட்டுமே காரணமில்லை, எலியும் மனிதரும் ஒன்றல்ல. ஆனாலும் நீலகிரி மலையில் நூறு வருடங்களுக்கு முன்பு ஒருவர் நம் தட்டைப் பார்த்துச் சொன்ன குறை இன்னும் அந்தத் தட்டிலேயே இருப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

தசை எங்கே போகிறது?

உடல் ஒவ்வொரு நாளும் தன் புரதத்தில் சுமார் 250 முதல் 300 கிராம் வரை உடைத்துத் திரும்பக் கட்டுகிறது. உடைத்ததில் பெரும்பகுதி மறுபடி பயன்படும். குறைகிறதைச் சாப்பாடு ஈடுகட்ட வேண்டும். மிஞ்சிய கொழுப்பை உடல் வயிற்றில் சேர்த்துவைக்கும், சர்க்கரையை ஈரலில் கொஞ்சம் வைத்துக்கொள்ளும். புரதத்துக்கு மட்டும் தனிக் குதிர் கிடையாது. தசைதான் குதிர். சாப்பாட்டில் பற்றாக்குறை வந்தால் இதயத்துக்கும் ஈரலுக்கும் நோய் எதிர்ப்புக்கும் வேண்டியதைத் தொடையிலிருந்து எடுத்துத்தான் உடல் சமாளிக்கும்.

எடை பார்க்கும் இயந்திரம் இதைக் காட்டிக்கொடுக்காது. தசை கரைந்த இடத்தில் கொழுப்பு வந்து உட்கார்ந்தால் முள் அசையாமல் அங்கேயே நிற்கும். புனேயைச் சேர்ந்த மருத்துவர் யாக்னிக்கும் இங்கிலாந்தின் மருத்துவர் யூட்கினும் 2004-இல் ‘லான்செட்’ இதழில் தங்கள் இருவர் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டார்கள். உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு இருவருக்கும் ஒன்றே, 22.3. உடல் கொழுப்பு மட்டும் யூட்கினுக்கு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2 சதவீதம். ஒல்லியாகத் தெரியும் நம் ஆட்களுக்கு ஏன் இவ்வளவு சர்க்கரை நோய் என்ற கேள்விக்கு அந்தப் படத்தில் ஒரு பங்கு பதில் இருக்கிறது. இன்சுலின் ரத்தத்திலிருந்து விரட்டும் சர்க்கரையில் பெரும்பங்கு போய்ச்சேரும் இடம் தசைதான். இடம் சுருங்கினால் சர்க்கரை வெளியில் நிற்கும்.

வயதோடு வரும் இந்தத் தசைத் தேய்வுக்கு ‘சார்கோபீனியா’ என்ற பெயரை 1989-இல் இர்வின் ரோசன்பர்க் என்ற அமெரிக்க ஆய்வாளர் முன்வைத்தார். கிரேக்க மொழியில் சதையின் வறுமை என்று பொருள். நம் வீடுகளில் இதற்கு வேறு பெயர் இருக்கிறது: “வயசாயிடுச்சு, கால்ல வலு இல்ல.” பெயர் வைத்துவிட்டு அதை விதி என்று விட்டுவிடுகிறோம்.

கஞ்சிக் காலம்

அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சை நல்லபடியாக நடந்தது. பிறகு நடந்ததைத்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் தவறு முழுவதும் எங்களுடையது, அதுவும் அன்பினால் செய்தது.

ஒன்றரை மாதம் அம்மா சாப்பிட்டது இவ்வளவுதான்: காலையில் ஜவ்வரிசிக் கஞ்சி, பத்து மணிக்குச் சாத்துக்குடிச் சாறு, மதியம் குழைந்த ரசஞ்சோறு, மாலையில் இளநீர், இரவு பாலில் தோய்த்த ரொட்டி. “பருப்பு வாயு, முட்டை சூடு, படுத்திருக்கிற உடம்புக்கு எதுவும் ஒத்துக்காது” என்று பார்க்க வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். நாங்களும் நம்பினோம். ஜவ்வரிசி மரவள்ளிக் கிழங்கின் மாவு; அதில் புரதம் இல்லை என்றே சொல்லலாம். சாத்துக்குடியிலும் இளநீரிலும் சொல்லும்படி ஒன்றும் கிடையாது. ஒரு நாள் கணக்கை இப்போது கூட்டிப் பார்த்தால் 20 கிராமைத் தாண்டவில்லை. புண் ஆற வேண்டும், எலும்பு கூட வேண்டும், படுத்தே கிடப்பதால் தசை வேறு கரையும். உடலுக்கு எப்போதையும்விட அதிகப் புரதம் தேவைப்பட்ட நேரத்தில் எப்போதையும்விடக் குறைவாகக் கொடுத்தோம். ஒரு நாள் சேலை மாற்றிவிடும்போது அம்மாவின் தொடையை என் இரண்டு கையாலும் சுற்றிப் பிடிக்க முடிந்தது. விரல்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறின.

அமெரிக்காவில் 60 வயதைக் கடந்த ஆரோக்கியமானவர்களைப் பத்து நாள் படுக்கையிலேயே வைத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2007-இல் வந்தது. பத்தே நாளில் கால்களிலிருந்து மட்டும் சுமார் ஒரு கிலோ தசைத் திசு போயிருந்தது. அவர்களுக்கு நோயோ காயமோ எதுவும் இல்லை. ஒன்றரை மாதம் கிடந்தவருக்கு என்ன ஆகியிருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

ஆகவே உங்கள் வீட்டில் யாராவது டைபாய்டிலோ டெங்குவிலோ அறுவை சிகிச்சையிலோ படுத்திருந்தால், கஞ்சியைக் கஞ்சியாகவே வைத்துக்கொண்டு உள்ளே இருப்பதை மாற்றுங்கள். 50 கிராம் பாசிப்பருப்பை வாசம் வர வறுத்து, 25 கிராம் நொய்யோடு குக்கரில் ஐந்து விசில் விட்டுக் குழைய மசித்து, 200 மில்லி பால் சேர்த்துக் காய்ச்சுங்கள். உப்போ வெல்லமோ அவர்கள் விருப்பம். மெல்ல வேண்டியதே இல்லை, தொண்டையில் வழுக்கிக்கொண்டு இறங்கும். அதில் 20 கிராம் புரதம் இருக்கிறது. ஒரே மூச்சில் முடியாவிட்டால் இரண்டு தடவையாகக் கொடுங்கள். ரசஞ்சோற்றில் ஓர் அவித்த முட்டையைக் கையால் மசித்துப் பிசையுங்கள். ஆட்டுக்கால் சூப் கொடுக்கிற வீடுகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அந்தச் சாறு தெம்பாகத் தோன்றும், பசியைத் தூண்டும். ஆனால் எலும்பிலிருந்து இறங்குவது பெரும்பாலும் கொலாஜன். டிரிப்டோபேன் என்ற அமினோ அமிலம் அதில் அறவே கிடையாது, தசையைக் கட்ட அது போதாது. சூப்பில் வெந்த கறியையும் பிய்த்துப் போட்டுக் கொடுங்கள்.

எவ்வளவு வேண்டும்?

இதில் குழப்பமே வேண்டாம். உங்கள் எடையை ஒரு பெருக்கல் போடுங்கள்.

நடுத்தர வயது, பெரிய உடலுழைப்பு இல்லை என்றால் கிலோவுக்கு 0.83 கிராம் அடிமட்டம்; அதற்குக் கீழே போகக் கூடாது. 65-ஐத் தாண்டியவர்களுக்கு 1.0 முதல் 1.2 வரை. 2013-இல் பல நாட்டு முதியோர் நல வல்லுநர்கள் கூடிச் சொன்ன அளவு இது. நோயில் கிடப்பவர்களுக்கு 1.2 முதல் 1.5 வரை போகலாம் என்றும் சொன்னார்கள். எடை தூக்கி உடலை வளர்க்க நினைக்கும் இளைஞர்களுக்கு 1.6. 2018-இல் 49 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்து அலசியதில், சராசரியாக அந்த அளவுக்கு மேல் சாப்பிட்ட புரதம் கூடுதல் தசையாக மாறவில்லை. உடல் மிகப் பருமனாக இருந்தால் இன்றைய எடையை வைத்துப் பெருக்க வேண்டாம், உயரத்துக்கு இருக்க வேண்டிய எடையை வைத்துப் பெருக்குங்கள்.

என் அம்மாவுக்கு 55 பெருக்கல் 1.2, அதாவது 66 கிராம். 38-இலிருந்து 66-க்கு எப்படிப் போனோம் என்பதுதான் இனி வரும் பக்கங்கள்.

அதற்கு முன்னால் இன்னொன்று. மொத்தக் கணக்கு சரியாக வந்தாலும் அதை ஒரே வேளையில் தள்ளிவிடாதீர்கள். வயதானவர்களின் தசை கொஞ்சம் காது மந்தம் போல. 8 கிராம், 10 கிராம் என்று மெல்லக் கூப்பிட்டால் அதற்குக் கேட்காது. ஒருவேளைக்கு 25 கிராம் அளவில் கொடுத்தால்தான் கட்டும் வேலையை முழுமூச்சில் தொடங்கும். தொடக்க மணியை அடிப்பது லியூசின் என்ற அமினோ அமிலம். பால், முட்டை, மீன், கறியில் அது கூடுதல், சோயாவிலும் பருப்பு வகைகளிலும் ஓரளவு உண்டு. இளவயதுக்காரர்களுக்கு இவ்வளவு கண்டிப்பு தேவையில்லை. நாள் கணக்கு சரியாக இருந்தால் போதும்.

காலைப் பலகாரத்திலிருந்து தொடங்குங்கள்

நம் தட்டில் ஓட்டை விழுந்திருப்பது காலையிலும் இரவிலும்தான். மதியச் சாப்பாட்டில் ஏதோ ஒரு பருப்பும் தயிரும் சேர்ந்துவிடுகின்றன. காலையில் இட்லி, இரவில் தோசை, இரண்டும் அதே மாவு. நான்கு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து என்ற அந்த மாவைக் குறை சொல்லும் மனம் எனக்கு இல்லை. புளிக்கவைப்பதால் எளிதில் செரிக்கிறது, அரிசியும் உளுந்தும் ஒன்றின் குறையை மற்றது ஈடுகட்டுகின்றன. அளவுதான் போதாது. மூன்று இட்லியில் ஒன்றைக் குறைத்து இரண்டு அவித்த முட்டை வையுங்கள். முட்டைக்கு 6 கிராம் வீதம் 12. அம்மாவிடம் முதலில் இதைத்தான் சொன்னேன்.

“எனக்கெதுக்குடி முட்டையெல்லாம்? புள்ளைகளுக்குக் குடு.”

இந்தப் பதிலைச் சொல்லாத தாய் தமிழ்நாட்டில் இருப்பாரா தெரியவில்லை. மீன் குழம்பு வைத்தாலும் துண்டு பிள்ளைகளுக்கு, குழம்பு தனக்கு. கோழி எடுத்தாலும் அப்படித்தான். நீங்கள் செய்ய வேண்டியது, அம்மாவின் தட்டில் முட்டையை உரித்து, உப்பும் மிளகும் தூவி, அவர் முதல் வாய் எடுத்துவைக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பது. ஒரு வாரம் போதும், பிறகு பழகிவிடும்.

முட்டை சாப்பிடாத வீடுகளுக்கு அடைதான் என் முதல் பரிந்துரை. 200 கிராம் இட்லி அரிசி, துவரை, கடலை, பாசி, உளுந்து எல்லாம் சேர்த்து 200 கிராம். அரைத்தால் பத்து அடை வரும், அடைக்கு 6 கிராம். பாசிப்பயறு தோசை அதைவிட லேசானது. 60 கிராம் முழுப் பயறை ஊறவைத்து இஞ்சி, பச்சை மிளகாயோடு அரைத்தால் ஒருவருக்கு இரண்டு தோசை, 14 கிராம். தொட்டுக்கொள்ளத் தேங்காய்ச் சட்னிக்குப் பதில் வேர்க்கடலைச் சட்னி. 25 கிராம் கடலையில் 6 கிராம் கிடைக்கும். பொட்டுக்கடலையும் அப்படித்தான், அது மலிவும்கூட.

மதியத்துக்கு, பருப்பைக் குழம்பில் கரைப்பதோடு நிறுத்தாமல் தனிப் பதார்த்தமாகத் தட்டில் வையுங்கள். பருப்பு உசிலி என்ற ஒன்றைக் கண்டுபிடித்தவரை நான் தினமும் நினைத்துக்கொள்கிறேன். துவரையும் கடலைப்பருப்பும் 200 கிராம் ஊறவைத்து, கொரகொரப்பாக அரைத்து, ஆவியில் வேகவைத்து, உதிர்த்து, கொத்தவரங்காயோடு வதக்குகிறோம். நான்கு பேருக்குத் தலா 11 கிராம். கீரைக்கூட்டு, சுரைக்காய்க் கூட்டு எல்லாவற்றிலும் வழக்கமாகப் போடும் பாசிப்பருப்பை இரண்டு மடங்காக்குங்கள். கூட்டு கெட்டியாகும், ருசி கூடும், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். மீன் சாப்பிடுகிறவர்களுக்கு வேலை சுலபம். மத்தியோ நெத்திலியோ அயிலையோ 100 கிராமில் 18 முதல் 20 கிராம் புரதம் உண்டு. வஞ்சிரம் விலைக்குப் பயந்து மீனையே விட்டுவிட்டவர்கள் மத்திக்குத் திரும்பலாம். மீல்மேக்கர் எனப்படும் சோயா உருண்டையில் எடைக்குப் பாதி புரதம். வாரம் இரண்டு நாள் 25 கிராம் வெந்நீரில் ஊறவைத்துப் பிழிந்து குருமாவில் போட்டால் 13 கிராம் வந்துவிடும்.

மாலையில் பிஸ்கட் இருந்த இடத்தில் சுண்டல். கொண்டைக்கடலை, தட்டைப்பயறு, மொச்சை, கொள்ளு எதுவானாலும் காய்ந்த நிலையில் 40 கிராம், ஒரு பெரிய கைப்பிடி. 8 கிராம் கிடைக்கும். நவராத்திரி ஒன்பது நாளும் நம் வீடுகள் இதைச் சிரமமில்லாமல் செய்கின்றன. மீதி நாட்களிலும் செய்ய முடியும்.

வாயுக்குப் பயப்படுகிறவர்களுக்கு

“வாயு” என்ற சொல்லைக் கேலி செய்து ஒதுக்கிவிடாதீர்கள். பயறுகளில் உள்ள சில சர்க்கரைகளை நம் குடல் செரிப்பதில்லை, பெருங்குடலில் உள்ள நுண்ணுயிர்கள் அவற்றைத் தின்று வாயுவை உண்டாக்குகின்றன. பழகாத வயிற்றுக்கு வேதனை நிஜமானது. முழுப் பயறை எட்டு மணி நேரத்துக்குக் குறையாமல் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவைத்தால் அந்தச் சர்க்கரைகளில் ஒரு பகுதி போய்விடும். நன்றாக வேக வேண்டும். விரலால் அழுத்தினால் மசிய வேண்டும். தாளிக்கும்போது பெருங்காயமும் இஞ்சியும் சேர்த்துக்கொள்ளுங்கள். முதல் வாரம் பாசிப்பருப்பு மட்டும், அதுவும் ஒரு கரண்டி. இரண்டாம் வாரம் பாசிப்பயறு. கொண்டைக்கடலையும் மொச்சையும் மாதம் ஒன்று ஆன பிறகு. பல்செட் கட்டியவர்களுக்குச் சுண்டலை மத்தால் ஒன்றிரண்டாக மசித்துத் தாளித்துக் கொடுங்கள்.

நாற்காலியும் வேண்டும்

பாஸ்டனில் உள்ள ஒரு முதியோர் இல்லத்தில், சராசரி 87 வயதான நூறு பேரை வைத்து 1994-இல் ஒரு சோதனை முடிவு வெளியானது. சிலருக்குச் சத்துப் பானம் மட்டும், சிலருக்குக் கால் தசைகளுக்கு எடைப் பயிற்சி மட்டும், சிலருக்கு இரண்டும், சிலருக்கு எதுவுமில்லை. பத்து வாரத்தில், பயிற்சி செய்தவர்களின் தசை வலு இரட்டிப்புக்கும் மேலானது. சத்துப் பானம் மட்டும் குடித்தவர்களுக்கு வலுவில் முன்னேற்றம் இல்லை. 87 வயதில் தசை வளரும் என்பது எவ்வளவு பெரிய செய்தியோ, வெறும் சாப்பாட்டால் வளராது என்பதும் அவ்வளவு பெரிய செய்தி.

எனவே சுவரோரம் கைப்பிடி இல்லாத ஒரு நாற்காலியைப் போடுங்கள். கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு ஐந்து முறை எழுந்து உட்கார எத்தனை நொடி ஆகிறது என்று பாருங்கள். ஆசிய வல்லுநர் குழு 2019-இல் வகுத்தபடி 12 நொடியோ அதற்கு மேலோ ஆனால் கவனிக்க வேண்டும். கெண்டைக்காலின் பருத்த இடத்தைத் தையல் டேப்பால் அளந்து பாருங்கள். ஆண்களுக்கு 34 செ.மீ.க்கும் பெண்களுக்கு 33 செ.மீ.க்கும் குறைந்தால் அதுவும் ஓர் எச்சரிக்கை. தேதி போட்டு நோட்டில் எழுதுங்கள்.

அந்தச் சோதனையே பயிற்சியும் ஆகிறது. எட்டு முறை எழுந்து உட்காருவது ஒரு சுற்று. காலை, மாலை இரண்டிரண்டு சுற்று. எளிதாகிவிட்டால் கையில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில். அதுவும் எளிதானால் இரண்டு. முடிந்தவர்கள் சுவரில் கை ஊன்றித் தண்டால் எடுக்கலாம், கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு பஸ்கி போடலாம். கடைசி இரண்டு முறை சிரமமாக இருக்க வேண்டும் என்பதுதான் அளவுகோல். காலை நடை இதயத்துக்கு நல்லது, ஆனால் தொடையைப் பெரிதாக வளர்க்காது. என் அம்மா தொடங்கியபோது ஐந்து முறை எழ 21 நொடி ஆனது, அதுவும் நான் தோளைப் பிடித்துக்கொண்டு. நான்கு மாதத்தில் 13.

ஜிம்முக்குப் போகும் பிள்ளைகளுக்கு

பச்சை முட்டையை உடைத்து அப்படியே குடிக்காதீர்கள். வெந்த முட்டைப் புரதத்தில் பத்தில் ஒன்பது பங்கை உடல் எடுத்துக்கொள்கிறது. பச்சையில் ஏறக்குறைய பாதியைத்தான் எடுக்கிறது, கிருமி அபாயம் வேறு. மஞ்சள் கருவைத் தூக்கி எறிகிறவர் முட்டையின் புரதத்தில் ஐந்தில் இரண்டு பங்கை எறிகிறார். 60 கிலோ பையனுக்கு 96 கிராம் வேண்டும். நான்கு முட்டை, 150 கிராம் கோழி, ஒரு தட்டுச் சுண்டல், அரை லிட்டர் பால், வீட்டுச் சாப்பாடு என்று கூட்டினாலே எட்டிவிடும். புரதப் பவுடர் விஷமில்லை, மருந்துமில்லை. பாலாடைக்கட்டி செய்யும்போது பிரியும் தெளிந்த நீரை உலர்த்தியது. ஆனால் 2024-இல் கேரள மருத்துவர்கள் இந்தியச் சந்தையில் விற்கும் 36 புரதப் பொடிகளைச் சோதித்தபோது, ஏறத்தாழ 70 சதவீதத்தில் லேபிளில் போட்ட புரத அளவு சரியாக இல்லை. அப்பாவின் சம்பளத்தில் வாங்கும் பிள்ளைகள் அந்தக் காசுக்கு எத்தனை முட்டை வரும் என்று ஒரு முறை கணக்குப் போட்டுப் பாருங்கள்.

யார் மருத்துவரைக் கேட்க வேண்டும்?

சிறுநீரகத்தில் பழுது உள்ளவர்கள் இந்த அத்தியாயத்தின் அளவுகளைப் பின்பற்றக் கூடாது. டயாலிசிஸுக்கு முந்தைய கட்டத்தில் புரதத்தைக் குறைக்கச் சொல்வார்கள், டயாலிசிஸ் தொடங்கிய பிறகு கூட்டச் சொல்வார்கள். இரண்டும் உங்கள் மருத்துவர் சொல்ல வேண்டியவை. சர்க்கரையோ ரத்த அழுத்தமோ பல வருடமாக உள்ளவர்கள், தொடங்கும் முன் கிரியாட்டினினும் சிறுநீரில் ஆல்புமினும் பார்த்துவிடுங்கள். செலவு அதிகமில்லை. சிறுநீரகம் நன்றாக இருப்பவர்களை இங்கே சொன்ன அளவுகள் கெடுப்பதில்லை. ரத்த அழுத்தம் உள்ளவர்கள் கருவாட்டை மட்டும் தவிர்த்து மீனாகவே சாப்பிடுங்கள், உப்புதான் காரணம்.

ஊறப்போடும் அட்டவணை

பயறு சமைக்காமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் மறதிதான். காலையில் எழுந்த பிறகு நினைவு வந்து பயனில்லை, முந்தின இரவே ஊறியிருக்க வேண்டும். எங்கள் வீட்டு அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டியிருக்கும் தாளை அப்படியே தருகிறேன். உங்கள் வீட்டுக்கு ஏற்ப மாற்றி எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள்.

ஞாயிறு இரவு: பாசிப்பயறு, திங்கள் காலை தோசைக்கு.
திங்கள் இரவு: கறுப்புக் கொண்டைக்கடலை, செவ்வாய் மாலைச் சுண்டலுக்கு.
செவ்வாய் இரவு: ஒன்றும் வேண்டாம். புதன் காலை முட்டை, மதியம் மீல்மேக்கர்.
புதன் இரவு: அடைக்கு அரிசியும் நான்கு பருப்பும். வியாழன் காலைக்கும் இரவுக்கும் சேர்த்து.
வியாழன் இரவு: தட்டைப்பயறு, வெள்ளி மதியக் கத்தரிக்காய்க் குழம்புக்கு, பயறு தூக்கலாக.
வெள்ளி இரவு: மொச்சை, சனி மாலைக்கு. அம்மாவுக்கு மசித்து.
சனி இரவு: ஊறப்போட ஒன்றுமில்லை. ஞாயிறு காலை மீன் வாங்க வேண்டும், மத்தி கிடைத்தால் ஒரு கிலோ. அம்மா தட்டில் மூன்று துண்டு.